தாரமங்கலமா, சுகவனேசுவரரா?

சேலத்தில் அரை நாள்தான் கையில் இருக்கிறது, சிற்பம் பார்க்க வேண்டும் என்றால் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கே போங்கள். சேலத்திலிருந்து சுமார் 25 கி.மீ. இன்றைய வடிவம் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எழுப்பியது. ஐந்து நிலை ராஜகோபுரத்தின் அடித்தளமே யானையும் குதிரையும் இழுக்கும் தேர். மண்டபத்தில் யாளி வாய்க்குள் உருளும் கல் பந்தைப் பாருங்கள். வெளியே எடுக்க முடியாது, ஏனெனில் செதுக்கியதே வாய்க்குள் வைத்துத்தான். கல் சங்கிலியும் ஒரே கல்லில் குடைந்தது. ஒரு வளையம் உடைந்தால் ஒட்டுப்போட வழியில்லை. மறைந்திருந்து அம்பெய்யும் ராமனும் வாலியும் தனித்தனித் தூண்களில் சிற்பமாக இருக்கிறார்கள். ராமன் சிற்பமுள்ள தூணருகே நீங்கள் நின்றால் வாலி தெரிவான். வாலியருகே நின்றால் ராமன் தெரியமாட்டான். அவசரமாகச் சுற்றுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். கோயில் மேற்குப் பார்த்தது, அதனால் கோபுரத்தைப் படமெடுக்க மாலை வெயில்தான் சரி. நண்பகலில் நடை சாத்தியிருக்கும்.

சுகவனேசுவரர் கோயில் சேலம் நகருக்குள்ளேயே இருக்கிறது, பழைய பேருந்து நிலையம் பக்கம். சுகர் முனிவர் கிளி உருவில் வழிபட்ட தலபுராணம், அருணகிரிநாதரின் திருப்புகழ், சற்றே சாய்ந்த லிங்கம், சொர்ணாம்பிகை சன்னதி. வழிபாட்டுக்கு இது போதும்; கல்வேலைக்கு ஈடாகாது.