மூன்று கிலோ குண்டும் மளிகைக்கடைத் தராசும்

மகள் தடகளப் போட்டியில் குண்டு எறிகிறாள். 18 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 3 கிலோ குண்டு. அதை வாங்க ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். முன்னால் முழுக்க கிரிக்கெட் பேட்தான். தடகளச் சாமான் எல்லாம் பின்கட்டில், கேரம் போர்டுகளுக்குக் கீழே கிடக்கிறது.

குண்டில் '3 கிலோ' என்று பொறித்திருந்தது. எனக்குச் சந்தேக புத்தி. பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 2.940! போட்டியில் எடை கூடினால் விட்டுவிடுவார்கள். குறைந்தால் குண்டை ஒதுக்கிவிடுவார்கள். திரும்பக் கொண்டுபோனதும் கடைக்காரர் முகம் சுருங்கியது. "பிராக்டீஸுக்குத்தானேங்க?" என்றார். சரி, மனுஷன் சண்டை போடவில்லை. வேறு மூன்று குண்டுகளை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவதுதான் 3.010 காட்டியது. அதற்குள் மளிகைக்கடைக்காரருக்கும் நாங்கள் பழகிவிட்டோம்.

சின்னவனுக்கு ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ, கேட்டபோது விளையாட்டுக் கடைக்காரர் கெட்டி. "மண் தரையா, சிந்தடிக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். சிந்தடிக் என்கிற செயற்கைத் தடத்தில் ஓட ஆணி 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விளக்கி, ஆணி கழற்றும் சாவியையும் சும்மாவே கொடுத்தார்.

பில்லைத்தான் இரண்டு முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது.