‘லிமிடெட் எடிஷன்’ என்றால் மொத்தம் எத்தனை வண்டி என்று கேளுங்கள்

2024 பிப்ரவரியில் கோவையில் ஒரு ஷோரூமில் சொகுசு செடான் ஒன்றை எடுத்தேன். பெட்ரோல் வண்டி, ஸ்பெஷல் எடிஷன். அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் கொண்ட சாதாரண வேரியன்ட்டைவிட ஷோரூம் விலையில் 5.8 லட்சம் கூடுதல். அந்த 5.8 லட்சத்துக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பது அதன் பிறகு துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது. விவகாரம் இன்னும் முடியாததால் கம்பெனி பெயரையும் ஷோரூம் பெயரையும் எழுதவில்லை. இந்த மாதிரி எடிஷன் கிட்டத்தட்ட எல்லாச் சொகுசு கார் கம்பெனியும் விடுகிறது, எச்சரிக்கையும் எல்லாவற்றுக்கும் பொதுதான்.

எடிஷனில் இருந்தவை இவை: கருப்பு கிரில், கருப்பு மிரர் கவர், 19 அங்குல கருப்பு அலாய் வீல், டிக்கி மேல் சின்னதாக ஒரு ஸ்பாய்லர், கதவைத் திறந்தால் தரையில் லோகோ விழும் விளக்கு, சாவிக்கு ஒரு தோல் உறை, கியர் பக்கத்தில் எடிஷன் பெயர் பொறித்த உலோகத் தகடு. சேல்ஸ் மேனேஜர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “சார், இந்தியாவுக்கே விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் ஒதுக்கியிருக்காங்க. நம்ம கோவைக்கு ரெண்டுதான். விக்கும்போது நீங்க சொல்றதுதான் விலை.” எத்தனை என்று கேட்டதற்கு, “அது கம்பெனி வெளியில் சொல்றதில்லைங்க சார்” என்றார். தகட்டில் எடிஷன் பெயர் மட்டும் இருந்தது. எண் எதுவும் இல்லை.

முதலில் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று. கார்டு கையில் வந்ததும் பார்த்தால், தயாரிப்பு மாதம் 2023 ஜூன் என்று இருக்கிறது. புதிதாக, குறைந்த எண்ணிக்கையில் இப்போதுதான் இறங்கியது என்று சொல்லி விற்ற வண்டி, எட்டு மாதமாக எங்கோ யார்டில், அதாவது விற்காத வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடத்தில் நின்றிருக்கிறது. வாங்குமுன் தரும் விலைச் சீட்டான புரோபார்மா இன்வாய்ஸில் தயாரிப்பு மாதம் போடவே இல்லை. பழைய வண்டிச் சந்தையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி “எந்த வருஷ மாடல்?” என்பதுதான். ஆக, டெலிவரி எடுத்த அன்றே அது ‘23 மாடல்’ ஆகிவிட்டது. ஷோரூமில் கேட்டதற்கு, “எடிஷன் வண்டின்னா அப்படித்தாங்க சார், ஸ்பெஷலா தயார் பண்ண டைம் ஆகும்” என்று ஒரு பதில்.

அப்படி என்ன தயார் செய்தார்கள் என்பது ஒரு பைக்காரர் புண்ணியத்தில் தெரிந்தது. அவிநாசி ரோட்டில் ஹோப்ஸ் சிக்னலில் இடது பக்க மிரரில் உரசிவிட்டுப் போனார். கருப்பு கவர் விரிசல் விட்டது. சர்வீஸில் விட்டபோது அட்வைசர் தம்பி எஸ்டிமேட் அடித்துக் கொடுத்தார். அதில் எடிஷன் என்ற பேச்சே இல்லை. ‘மிரர் கவர், கருப்பு, ஆக்சஸரி’ என்றுதான் இருந்தது, பக்கத்தில் ஒரு பார்ட் நம்பர். எடிஷனுக்கென்று வேறு கவர் இல்லையா என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பியே காட்டினார். என் வண்டியில் இருந்த கிரில், ஸ்பாய்லர், கதவு விளக்கு, சாவி உறை எல்லாம் ஆக்சஸரி பட்டியலில் வரிசையாக, விலையோடு இருந்தன. அந்த மாடல் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் கவுன்டரில் காசு கட்டி வாங்கி மாட்டிக்கொள்ளலாம். “யார்டுல நம்ம பசங்கதாங்க மாட்டுவாங்க, ஒரு நாள் வேலைங்க” என்றார் அந்தத் தம்பி, வெள்ளந்தியாக. மொத்த ஷோரூமிலும் எனக்கு உண்மை சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

அலாயையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். 2.6 லட்சம் சொச்சம் வந்தது. அந்தத் தகடு மட்டும்தான் பட்டியலில் இல்லை. அதற்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் இன்னொரு சிக்கல். இந்த சாமான்கள் ஃபேக்டரியில் பொருத்தியதா, ஷோரூமில் பொருத்தியதா என்று நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கேட்டார். வெளியில் பொருத்தியது என்றால் பாலிசியில் தனியாகக் காட்டி, அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். ஷோரூம்காரர்களே போட்டுக் கொடுத்த பாலிசியில் அப்படி ஒரு வரிகூட இல்லை. மிரர் கவர் சின்ன தொகை, போகட்டும் என்று கையிலிருந்து கட்டினேன். முன்பக்கம் முழுதாக அடிபட்டிருந்தால் கதை வேறு.

அதே வருடம் தீபாவளிக்கு முன்னால் ஃபேஸ்லிஃப்ட், அதாவது அதே மாடலின் தோற்றம் மாற்றிய புதுப் பதிப்பு வந்தது. கருப்பு கிரில், கருப்பு மிரர், அதே டிசைன் அலாய், எல்லாம் கூடுதல் காசில்லாமல் ஒரு சாதாரண வேரியன்ட்டிலேயே வந்துவிட்டன. அப்போதுதான் கணக்கு நேரானது. ஆயுள் முடியப்போகும் மாடலைத் தள்ளுபடி போட்டுத் தள்ளுவதற்குப் பதில், கருப்பு பெயின்டும் ஒரு பெயரும் வைத்து விலை ஏற்றித் தள்ளியிருக்கிறார்கள். நான் வாங்கிய அதே வாரத்தில் சாதாரண வேரியன்ட்டுக்கு 4 லட்சம் வரை தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. எடிஷனுக்குத் தள்ளுபடி கிடையாது, அது ‘லிமிடெட்’ ஆயிற்றே.

விலை கேட்டுப் பார்க்கலாமே என்று பழைய வண்டி வாங்கும் மூன்று இடங்களில் காட்டினேன். எங்கும் எடிஷனுக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. “அண்ணா, எங்க சிஸ்டத்துல ஸ்பெஷல் எடிஷன்னு தனிக் கட்டமே இல்லைங்க. மாடல், வருஷம், கிலோமீட்டர், எத்தனாவது ஓனர், அவ்வளவுதாங்க” என்றார் ஒருவர். இன்னொருவர் கருப்பு அலாயைப் பார்த்துவிட்டு, “ஒரிஜினல் வீல் வெச்சிருக்கீங்களாண்ணா?” என்று கேட்டார். வெளியில் மாற்றியது என்று நினைத்துவிட்டார்.

ஸ்பெஷல் எடிஷன் என்றாலே மோசடி என்று சொல்ல வரவில்லை. 2016இல் வந்த போர்ஷே 911 ஆர் என்ற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்துக்கே 991 தான் என்று முதலிலேயே அறிவித்தார்கள். 500 குதிரைத்திறன் எஞ்சினோடு மேனுவல் கியர், மெக்னீசியக் கூரை, 1,370 கிலோ எடை. அந்த நேரத்தில் வேறு எந்த 911இலும் கிடைக்காத சேர்க்கை அது. மறுவிற்பனையில் விலை பல மடங்கு ஏறியது. அடுத்த வருடமே ஜிடி3 என்ற இன்னொரு 911இல் மேனுவல் கியரும் ‘டூரிங்’ பேக்கேஜும் வந்ததும் அந்த உச்ச விலை இறங்கியது. அவ்வளவு அபூர்வமான வண்டிக்கே அந்த நிலை என்றால், ஸ்டிக்கர் எடிஷனெல்லாம் எந்த மூலைக்கு? நம் நாட்டிலும் 2023இல் மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஜி 63 கிராண்ட் எடிஷன் 4 கோடி ரூபாய்க்கு வந்தது. எஞ்சினில் மாற்றம் இல்லை, நிறமும் அலங்காரமும்தான். ஆனால் உலகத்துக்கு 1,000, இந்தியாவுக்கு 25 என்று எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொன்னார்கள். வாங்குபவருக்குத் தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்றாவது தெரியும். எண்ணிக்கையைச் சொல்ல மறுக்கும் ‘லிமிடெட்’டுக்கு எல்லையே கிடையாது, எத்தனை விற்கிறதோ அத்தனை.

வரிதான் பலரும் கவனிக்காத இடம். எடிஷன் சாமான்களை வண்டி விலைக்குள் சேர்த்து பில் போட்டால், அவற்றுக்கும் வண்டியின் வரிதான். நான் வாங்கியபோது 1500 சிசிக்கு மேல் உள்ள பெரிய செடானுக்கு ஜிஎஸ்டி, அதற்கு மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 48 சதவீதம். அதே சாமானை ஆக்சஸரியாக வாங்கினால் 28. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு செஸ் போய், பெரிய வண்டிக்கு 40, உதிரிபாகத்துக்கு 18 என்று ஆகியிருக்கிறது. இடைவெளி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். 5.8 லட்சத்துக்கு அதில் மட்டும் 1.16 லட்சம் போனது. விற்பவர் பிடித்துக் கட்டும் ஒரு சதவீத டிசிஎஸ் வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆயுள் வரி போனது போனதுதான். கவுன்டரில் வாங்கி மாட்டியிருந்தால் அந்த 1.16 லட்சம் கிடையாது.

புக் பண்ணும் எண்ணத்தில் இருப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் ஷோரூமுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மொத்தம் எத்தனை வண்டி, இது எத்தனையாவது, சேஸிஸ் எண்ணோடு தயாரிப்பு மாதம், எந்தெந்தப் பாகம் ஃபேக்டரியில் பொருத்தியது, எது யார்டில் பொருத்தியது. வாய்ச்சொல்லாக வரும் பதிலை எடுத்துக்கொள்ளாதீர்கள், மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். அப்புறம் நேராக சர்வீஸ் பக்கம் போய் ஆக்சஸரி விலைப்பட்டியலைக் கேளுங்கள். சேல்ஸ் ஆட்களைக் கேட்டால் வராது.

நான் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915இல் புகார் பதிந்தேன். “அறிவிப்பின்றி மாறுதலுக்கு உட்பட்டது” என்று பிரோஷரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டி ஷோரூம் பதில் அனுப்பியது. அங்கே அதோடு முடிந்தது. அடுத்தது வழக்கு. இதிலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதை முடிவு செய்வது நஷ்டத் தொகை அல்ல, பொருளுக்குக் கொடுத்த மொத்த விலை. 50 லட்சம் வரைதான் மாவட்ட ஆணையம். என் சண்டை சில லட்சங்களுக்குத்தான் என்றாலும் வண்டி 60 லட்சத்துக்கு மேல் என்பதால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். கோவை மாவட்ட ஆணையத்தில் முடித்துக்கொள்ள வழியில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனாகத் தாக்கல் செய்யலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வழக்குப் போட இரண்டு வருடக் கெடு உண்டு, அதற்குள் போட்டுவிடுவோம்.

உங்களிடமும் எண் இல்லாத எடிஷன் தகடு போட்ட வண்டி இருந்தால், ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் டெலிவரி எடுத்த மாதத்தையும் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். ஒரே எடிஷன் வண்டிகள் நாலைந்து பேரிடம் இப்படி இருப்பது தெரிந்தால் மனுவில் சேர்க்கலாம் என்கிறார் வக்கீல்.