எஸ்ஏசிடி வட்டுகளை வீட்டு சர்வருக்கு மாற்றினேன்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி, சாதாரண சிடியைவிட உயர்தரமான இசை வட்டு) வைத்திருப்பவர்கள், அதைப் படிக்கும் ப்ளேயர் ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் கோப்பாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. ஒலி இன்னும் கூடும் என்ற ஆசையில் செய்யவேண்டாம், கூடாது. ப்ளேயர்கள் ஒவ்வொன்றாகக் கடையை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன, ப்ளேயர் செய்துவந்த ஓப்போ டிஜிட்டல் 2018லேயே இந்தத் தொழிலை மூடப்போவதாக அறிவித்துவிட்டது, புதிதாக வாங்க நினைத்தால் ஒன்று கொள்ளை விலை, இல்லாவிட்டால் யாரோ பயன்படுத்திய பழசு. ப்ளேயர் போய்விட்டால் அந்த வட்டு வெறும் பிளாஸ்டிக்தான்.

தெரியாதவர்களுக்காக: சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1999ல் கொண்டுவந்தது எஸ்ஏசிடி. பெரும்பாலானவை ஹைப்ரிட், அதாவது ஒரே வட்டில் சாதாரண சிடி அடுக்கு ஒன்று, டிஎஸ்டி (DSD) என்ற உயர்தர ஒலிமுறையில் பதிந்த அடுக்கு ஒன்று. கணினியில் போட்டால் சிடி அடுக்கு மட்டும்தான் தெரியும், மற்றது இருப்பதாகவே டிரைவ் காட்டிக்கொள்ளாது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டை வன்பொருளிலேயே வைத்துவிட்டார்கள், என்ன மென்பொருள் போட்டாலும் கணினி டிரைவில் நடக்காது. ஜப்பானில் 2010ல் இருந்து வரும் எஸ்ஹெச்எம் எஸ்ஏசிடி இன்னும் மோசம், சிடி அடுக்கே கிடையாது, கணினிக்கு அது வெற்று வட்டு.

முதலில் வழி கிடைத்தது ப்ளேஸ்டேஷன் 3ல். ஆரம்பகால மாடல்கள் எஸ்ஏசிடியைப் படிக்கும், ஃபர்ம்வேர் 3.55 அல்லது அதற்கும் பழையதாக இருந்தால் அதிலிருந்து உருவி எடுக்கலாம். அப்படிப்பட்ட பெட்டியைத் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர். பிறகு மீடியாடெக் சிப் வைத்த சில ப்ளூரே ப்ளேயர்களிலும் அதே வேலையைச் செய்யலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஓப்போ பிடிபி 103, 105, பயனியர் 160, சோனியின் எஸ்590, எஸ்5100 இந்த வரிசையில்தான் வரும். நானும் அந்தக் குடும்பத்தில் ஒன்றைத்தான் பழசாக வாங்கினேன். எது என்று சொல்லவில்லை, ஏனென்றால் வாங்கிய சில மாதத்திலேயே அதன் தட்டு பாதி வெளியே வந்து நின்றுவிடும் பழக்கம் பிடித்துக்கொண்டது, உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. அது வயசான பெட்டிகளுக்குப் பொதுவான வியாதி, கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெல்ட் மாற்றியதும் சரியாகிவிட்டது.

வேலை நடக்கும் விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஒரு சின்ன பென் டிரைவில் ஸ்கிரிப்ட் ஃபோல்டரைப் போட்டு ப்ளேயரின் யுஎஸ்பியில் செருகினால் சில நொடிகளில் தட்டு தானாகத் திறக்கும். ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், திரையில் ஒன்றும் வராது. வட்டை வைத்து மூடிவிட்டு, கணினியில் உள்ள நிரலுக்கு ப்ளேயரின் ஐபி முகவரியைக் கொடுத்தால் நெட்வொர்க் வழியாக வட்டின் முழு நகலும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக வந்து இறங்கும். வட்டுக்கு அரை மணி நேரம் அளவில் ஆகும். வைஃபையில் முயலவேண்டாம், கேபிள் போட்டுவிடுங்கள். ப்ளேயரின் அமைப்புகளில் தானாக இசைக்கத் தொடங்கும் வசதியை அணைத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அது பாட ஆரம்பித்து நிரலோடு சண்டை போடும். தட்டு திறக்கவில்லையா, பென் டிரைவை மாற்றிப் பாருங்கள். பழைய, சிறிய, ஃபேட்32 டிரைவ்தான் இந்தப் பெட்டிகளுக்குப் பிடிக்கிறது.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். டிஎஸ்டி என்பது ஒரு பிட், நொடிக்கு 28 லட்சத்து 22 ஆயிரத்து 400 முறை. ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 எம்பி, ஒரு மணி நேர ஆல்பம் 2.5 ஜிபி. வட்டின் கொள்ளளவே 4.7 ஜிபிதான், ஆனால் அதில் ஸ்டீரியோவும் 5.1 சேனலும் இரண்டுமே இருக்கும், எப்படி என்றால் DST என்ற இழப்பில்லாத சுருக்கமுறையில் அடைத்திருப்பார்கள் (ஒலிமுறை DSD, சுருக்கமுறை DST, தமிழில் இரண்டும் டிஎஸ்டி என்றே வரும், குழம்பவேண்டாம்). ஐஎஸ்ஓவில் இருந்து ட்ராக்குக்கு ஒன்றாக டிஎஸ்எஃப் என்ற வகைக் கோப்புகளாகப் பிரிக்கும்போது சுருக்கம் அவிழ்ந்துவிடும், ஒரு மணி நேர 5.1 மட்டுமே 7.6 ஜிபி வந்து நிற்கும். வட்டைவிட வட்டில் இருந்து எடுத்தது பெரிது! அதனால் என் ஏற்பாடு இது: மூல ஐஎஸ்ஓ தனி ஹார்டு டிஸ்கில் தூங்கும், சர்வரில் ஸ்டீரியோ டிஎஸ்எஃப் மட்டும். டிஎஃப்எஃப் என்று இன்னொரு கோப்பு வகை உண்டு, அது வேண்டாம், அதில் ஆல்பம் விவரங்களை எழுதி வைக்க முறையான வழி இல்லை.

இனி, சொன்னால் நம்பமாட்டீர்கள், என்னை அதிக நாள் படுத்தியது ஒரு 'டிக்' சத்தம். இடைவெளி இல்லாமல் ஓடும் ஆல்பங்களில், நேரடிக் கச்சேரிப் பதிவில், சிம்ஃபனியில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடரும் இடத்தில், ட்ராக் மாறும்போதெல்லாம் சின்னதாக ஒரு டிக். ஸ்பீக்கர் வயரைச் சந்தேகப்பட்டேன், டிஏசியை, அதாவது டிஜிட்டல் கோப்பை ஆம்புக்கான அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். காரணம் கோப்பில் இருந்தது. டிஎஸ்எஃப் ஒலியை ஒரு சேனலுக்கு 4096 பைட் கட்டங்களாக அடுக்குகிறது, கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் மீதியைச் சுழியத்தால் நிரப்புகிறது. சிடியில் உள்ள பிசிஎம் ஒலிமுறையில் சுழியம் என்றால் அமைதி. டிஎஸ்டியில் ஒன்றும் சுழியமும் சமமாகக் கலந்து வந்தால்தான் அமைதி, வரிசையாகச் சுழியம் வந்தால் ஸ்பீக்கர் கூம்பை ஒரே பக்கம் தள்ளுவது மாதிரி. அந்த நிரப்பலை ஒதுக்கத் தெரியாத ப்ளேயர் மென்பொருள் அதையும் சேர்த்து வாசித்துவிடும். பிரிக்கும் நிரலின் புதிய பதிப்புகளில் நிரப்பாமல் எழுதச் சொல்லும் வசதி இருக்கிறது, அதைப் போட்டு ஐஎஸ்ஓவில் இருந்து மறுபடி பிரித்ததும் டிக் போயே போச்சு. ஐஎஸ்ஓவைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான், எதையும் மறுபடி செய்யலாம், வட்டைத் தொடவேண்டாம்.

அடுத்தது சத்த அளவு. டிஎஸ்டியை அப்படியே டிஏசிக்கு அனுப்பினால் சர்வரின் வால்யூம் பொத்தான் வேலை செய்யாது, ஒரு பிட் ஒலியில் கூட்டவும் குறைக்கவும் முடியாது, ஆம்பில்தான் திருகவேண்டும். நான் பயன்படுத்துவது லிரியன் மியூசிக் சர்வர், பழைய லாஜிடெக் மீடியா சர்வர்தான் 2024ல் பெயர் மாறியது, ராஸ்பெரி பை 4ல் ஓடுகிறது. டிஎஸ்டியை 176.4 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் மாதிரி வேஷம் போட்டு அனுப்பும் டிஓபி முறைக்கு அதில் ஒரு ப்ளக்இன் உண்டு. வேலை நன்றாகவே செய்கிறது. ஆனால் வீட்டில் எல்லாரும் கலந்து போட்டுக் கேட்கும்போது ஒரு பாட்டு சிடி, அடுத்தது டிஎஸ்டி என்று மாறினால் டிஏசிக்குள் ரிலே டக் என்று தட்டும், சத்தமும் ஒரே அளவில் இருக்காது. "அந்தப் பொட்டிய ஒழுங்கா பாடச் சொல்லுங்க" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஸ்டீரியோ எல்லாவற்றையும் 24 பிட், 88.2 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக்காகவும் (பிசிஎம் ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் கோப்பு வகை) மாற்றிவிட்டேன். அது மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபிதான். மாற்றும்போது ஒலி 6 டெசிபல் குறைந்து வரும், எஸ்ஏசிடியின் அளவுகோலே அப்படி. மென்பொருளில் 6 டெசிபல் கூட்டும் வசதி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், தரநிலை 3.1 டெசிபல் வரை மீறிப்போக அனுமதிக்கிறது, அப்படிப்பட்ட வட்டில் உச்சம் வெட்டுப்படும். ஆல்பத்தின் உச்சத்தை அளந்துவிட்டு அதற்கேற்பக் கூட்டுங்கள்.

டிஎஸ்டிக்கும் இந்த ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் கேட்கிறதா? சத்தத்தைச் சமப்படுத்திவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால் எனக்குத் தெரியவில்லை. 2007ல் மேயர், மோரன் என்ற இருவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள்: எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ ஒலியின் நடுவில் சிடி தரத்துக்கு மாற்றும் கருவியைச் செருகியும் கேட்டவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே கட்டுரையில் இன்னொன்றும் எழுதினார்கள், அதை மட்டும் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அந்த வட்டுகள் பொதுவாகவே சிடியைவிட நன்றாக ஒலித்தன, ஏனென்றால் மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலையில், கூடுதல் கவனம் காட்டியிருந்தார்கள். என் அனுபவமும் அச்சு அசலாக இதுதான். 2003ல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஹைப்ரிட் வட்டில் சிடி அடுக்கில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி கூடுதலாகச் சுருக்கப்பட்டிருக்கும், எஸ்ஏசிடி அடுக்கில் மூச்சு விட இடம் இருக்கும். நாம் உருவி எடுப்பது அந்த மாஸ்டரிங்கைத்தான், மெகாஹெர்ட்ஸ் கணக்கை அல்ல. ஆகவே டிஏசி டிஎஸ்டி படிக்கவில்லையே என்று யாரும் புதிதாக வாங்கக் கிளம்பவேண்டாம்.

ஆர்சிஏ இசை நிறுவனத்தின் லிவிங் ஸ்டீரியோ வரிசை எனக்குப் பிடித்தது. 1950களில் மூன்று ட்ராக் டேப்பில் பதிந்ததை அந்த மூன்று சேனலாகவே எஸ்ஏசிடியில் கொடுத்தார்கள். நடு ஸ்பீக்கர் இருப்பவர்கள் அந்த வரிசைக்கு மட்டுமாவது மல்டிசேனல் கோப்பையும் சர்வரில் வைக்கலாம். என்னிடம் இரண்டு ஸ்பீக்கர்தான், அது இன்னும் ஐஎஸ்ஓவிலேயே கிடக்கிறது.

நேரம் தின்னும் வேலை டேக் எழுதுவது, அதாவது பாட்டு விவரங்களைக் கோப்புக்குள் பதிவது. சில வட்டுகளில் பாட்டுப் பெயர்கள் இருக்கும், பலவற்றில் ட்ராக் 1, ட்ராக் 2 தான், ஜப்பானிய வட்டு என்றால் கட்டம் கட்டமாக ஏதோ வரும். எம்பி3டேக் மென்பொருளில் உட்கார்ந்து கையால் எழுதினேன். மேற்கத்திய செவ்வியலுக்கு இயற்றியவர், நடத்துநர், இசைக்குழு என்று தனித்தனியாகப் போடாவிட்டால் பிறகு தேடவே முடியாது. அதே சர்வரில் கர்நாடக இசை சிடிகளும் இருப்பதால் ராகத்துக்கு ஒரு தனி டேக் வைத்தேன். தியாகராஜர் பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக வந்து எத்தனை தியாகராஜர்களாகப் பிரிந்து நின்றார் என்பதைத் தனியாகவே எழுதலாம்.

டிவிடி ஆடியோ வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை, சாதாரண டிவிடி டிரைவே படிக்கும், அதற்கென்று விலைக்கு ஒரு மென்பொருள் இருக்கிறது, நேராக ஃப்ளாக் வந்துவிடும். ப்ளூரே ஆடியோவுக்கு மேக்எம்கேவி என்ற மென்பொருள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்க 2014 அக்டோபரில் அனுமதித்து, மறு வருடமே நீதிமன்றம் ரத்து செய்தது. நான் யாருக்கும் கோப்பு கொடுப்பதில்லை, வட்டை விற்றால் கோப்பையும் அழித்துவிடுவேன். கேட்டு மெசேஜ் அனுப்பவேண்டாம்.

பழைய ப்ளேயர் வாங்கப் போகிறவர்களுக்கு: மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள், ஒரே தோற்றத்தில் வந்த அடுத்த மாடலில் வேறு சிப் இருக்கும், உருவ முடியாது. ப்ளூரே ஓடுகிறது என்று விற்பவர் காட்டினால் போதாது, ஒரு எஸ்ஏசிடியைக் கையோடு கொண்டுபோய்க் கடைசி ட்ராக் வரை தாவிப் பாருங்கள், லேசர் களைத்துப்போயிருந்தால் வட்டின் ஓரத்தில்தான் முதலில் திணறும். ரிமோட் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள், அமைப்புகளுக்குள் போக முன்பக்கம் பொத்தானே இல்லாத பெட்டிகள் நிறைய.