7 டெஸ்லா தலைப் படத்திற்கு டைட்டனேட் பேடா, எட்டு சேனல் செலுத்தமா?

7 டெஸ்லா எம்ஆர்ஐ கருவியில் புரோட்டான் (ஹைட்ரஜன் அணுக்கரு) ஏறத்தாழ 298 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஒத்ததிர்கிறது. அந்த அலையின் நீளம் மூளைத் திசுவுக்குள் சுமார் 12 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், பேர்ட்கேஜ் காயிலை (தலையைச் சுற்றி அலையைச் செலுத்தும் கூண்டு வடிவச் சுருள்) எவ்வளவு நன்றாக டியூன் செய்திருந்தாலும், செலுத்துபுலம் (அந்த அலையின் காந்தப்புலம்) தலையின் நடுவில் ஓங்கி, மூளையின் பக்கவாட்டிலுள்ள டெம்போரல் மடலிலும் சிறுமூளையிலும் மெலிந்துபோகிறது. திறனைக் கூட்டி ஈடுகட்டுவதும் எளிதன்று. இருமடங்கு புலத்திற்கு நான்கு மடங்கு திறன் வேண்டும், திசுவில் படியும் வெப்பமும் நான்கு மடங்காகும்.

எட்டுத் தனி வழிகளில் அலையை அனுப்பும் எட்டு சேனல் செலுத்தத்தில் ஒவ்வொரு சேனலின் வீச்சையும் கட்டத்தையும் (phase) தனித்தனியே மாற்றிப் புலத்தைச் சீராக்கலாம். உட்செவியையும் டெம்போரல் மடலையும் மட்டுமே பார்க்கும் எங்கள் வேலைக்கு நான் தேர்ந்தெடுத்தது தலையோரம் வைக்கும் டைட்டனேட் பேட்தான். கால்சியம் டைட்டனேட் தூளைக் கனநீரில் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ளதால் படத்தில் தெரியாத நீர்) குழைத்து, பாலிப்ரொப்பிலீன் பையில் அடைத்து, வாயைச் சூட்டில் ஒட்டிக் காதோரம் வைக்கிறோம். அதன் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு முனைவுறுகிறது என்பதன் அளவு) சுமார் 110. மாறும் மின்புலத்தால் அதில் எழும் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் அருகிலேயே இரண்டாவது காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்த இடத்தில் புலம் 20 சதவீதம் கூடினாலே, புரோட்டான்களின் காந்தமாக்கத்தைச் சாய்க்கும் அதே ஃபிளிப் கோணத்திற்குத் திறன் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாகப் போதும். பேரியம் டைட்டனேட்டில் விடுதிறன் 300 வரை போவதால் பேடை இன்னும் மெல்லியதாகச் செய்யலாம். தலையோடு நெருக்கமான, சிக்னலை வாங்கும் 32 சேனல் ஏற்புக் காயிலுக்குள் அது பெரிய வசதி.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பேட் மாதக்கணக்கில் மெல்ல நீரை இழக்கிறது. குழைவு இறுகி, தலையின் வளைவோடு படியாமல் விறைத்து, விடுதிறனும் சரிகிறது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஒரு தராசு போதும்: செய்த நாளின் எடையைப் பையின் மேலேயே எழுதிவைத்து, அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் புதிதாகச் செய்துவிடலாம். படத்தில் பேடே வெளிச்சமாகத் தெரியத் தொடங்கினால், கனநீரில் சாதாரண நீரின் ஹைட்ரஜன் கலந்துவிட்டது என்று பொருள். எட்டு சேனலிலோ ஒவ்வொரு சேனலுக்கும் தனிப் பெருக்கி, தனி கேபிள், தனிக் கண்காணிப்பு. ஒன்றின் கட்டம் பிசகினாலும் மின்புலங்கள் ஓரிடத்தில் குவிந்து அங்கே வெப்பம் ஏறக்கூடும் என்பதால், பாதுகாப்புக் கணக்கைத் தாராள இடைவெளியுடன்தான் வைக்க வேண்டியிருக்கிறது. சிறிய குழுவால் அந்தச் சுமையை நீண்டகாலம் தாங்க இயலாது என்பது என் கருத்து.

முழு மூளையையும் சீராகப் படமெடுக்க வேண்டுமானால் எட்டு சேனலே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஆள் புலத்தை அளவிடும் நேரத்தை, 2017 முதல் பேசப்படும் பொதுத் துடிப்புகள் (எல்லோருக்கும் பொருந்துமாறு முன்கூட்டியே வடிவமைத்த ரேடியோ துடிப்புகள்) மிச்சப்படுத்துகின்றன. என் அனுபவம் தலையின் ஓரப் பகுதிகளோடு நிற்பதால், அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பேட் வைப்போர் ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது: அது காயிலின் சுமையை மாற்றுவதால், குறிப்பு மின்னழுத்தத்தை (வேண்டிய ஃபிளிப் கோணத்திற்குக் காயிலுக்குத் தர வேண்டிய மின்னழுத்தம்) பேட் வைத்த பிறகே அளக்க வேண்டும், வெப்பக் கணக்கின் மாதிரியிலும் அதைச் சேர்க்க வேண்டும்.