ஏ ஸ்டேட் ஆஃப் ட்ரான்ஸ் ரேடியோ ஷோ: இத்தன வருஷம் கழிச்சும் கேக்கலாமா?

நெதர்லாந்து டிஜே ஆர்மின் வான் ப்யூரன்னு சொன்னா நெறைய பேருக்கு 2013ல வந்த "திஸ் இஸ் வாட் இட் ஃபீல்ஸ் லைக்" தான் ஞாபகம் வரும், கிராமி நாமினேஷன் வரைக்கும் போன பாட்டு, நல்ல பாட்டு தான், ஆனா அந்த மனுஷன் எப்படி இத்தன வருஷம் ஃபீல்டுல நிக்கிறார்னு தெரியணும்னா ட்ரான்ஸ்ங்கிற எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்குக்காக அவர் நடத்துற "ஏ ஸ்டேட் ஆஃப் ட்ரான்ஸ்" ரேடியோ ஷோவ தான் கேக்கணும். என்னப் பொறுத்தவரைக்கும் அவர் செஞ்சதுலயே பெரிய வேல அது தான்.

2001 ஜூன்ல நெதர்லாந்துல ஐடி அண்ட் டி ரேடியோல ஆரம்பிச்ச ஷோ. அப்போ அவருக்கு 24 வயசு, லெய்டன் யுனிவர்சிட்டில சட்டம் படிச்சிட்டு இருந்தார். 1999லயே "கம்யூனிகேஷன்"னு ஒரு ட்ராக் ஸ்பெயின்ல பார்ட்டிக்கு பேர் போன இபிஸா தீவு க்ளப்ல எல்லாம் ஓடி பேரு வந்தாச்சு, இருந்தாலும் படிப்ப விடாம 2003ல டிகிரி முடிச்சார், அதே வருஷம் ரெண்டு பார்ட்னரோட சேந்து ஆர்மடா மியூசிக்னு லேபிளும் ஆரம்பிச்சார். 2021 ஜனவரில ஷோவோட ஆயிரமாவது எபிசோட் வந்துச்சு. கணக்கு போட்டு பாருங்க, அந்த இடைப்பட்ட காலத்துல மொத்தமே ஆயிரத்து சொச்சம் வாரம் தான் இருக்கு. டூர், ஆல்பம், கல்யாணம், கொழந்தைங்க எல்லாம் நடுவுல வந்து போயிருக்கு, ஷோ மட்டும் கிட்டத்தட்ட நிக்கவே இல்ல. டிஜே மேக் பத்திரிக வருஷா வருஷம் நடத்துற டிஜே வோட்டிங்ல அஞ்சு தடவ நம்பர் ஒன் (2007லருந்து 2010 வரைக்கும் வரிசையா, அப்புறம் 2012) வந்ததெல்லாம் இதுக்கு அப்புறம் தான் என் கண்ணுக்கு தெரியுது.

ஷோ வாரம் ரெண்டு மணி நேரம், வியாழக்கிழம. புது ட்ராக்ஸ் தான் முக்கால்வாசி, பல நேரம் ரிலீஸ் ஆகாதது கூட வரும். ட்யூன் ஆஃப் தி வீக்னு அவர் ஒண்ண எடுத்து வைப்பார், ஃப்யூச்சர் ஃபேவரிட்னு கேக்குறவங்க வோட்டு போட்டு ஒண்ண தேர்ந்தெடுப்பாங்க, சர்வீஸ் ஃபார் ட்ரீமர்ஸ்னு ஒரு பழைய க்ளாசிக். எது ஓடுச்சுன்னு முழு ட்ராக்லிஸ்ட்டும் கெடைக்கும். சின்ன ஊர்ல ஒரு ரூம்ல உக்காந்து ட்ராக் பண்ற பையனுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிங்க, அந்த லிஸ்ட்ல பேரு வந்துட்டா ஒலகத்துல இருக்குற மத்த டிஜேக்கள் எல்லாம் தேட ஆரம்பிச்சிடுவாங்க. மால்டோவாலருந்து வந்த ஆண்ட்ரூ ரேயல் மாதிரி ஆளுங்க மேல வந்ததுல ஆர்மின் குடுத்த சப்போர்ட்டுக்கு பெரிய பங்கு இருக்கு. தன்னோட பாட்ட மட்டும் போட்டு காலத்த ஓட்டிருந்தா எப்பவோ பழசாயிருப்பார், வாராவாரம் அடுத்தவங்க பண்ணத ஒக்காந்து கேட்டு சலிச்சு எடுக்குறதால தான் காது இன்னும் புதுசா இருக்குன்னு நான் நம்புறேன்.

ட்ரான்ஸ் பழக்கமில்லாதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு ஒரே டம் டம்னு முடிவு பண்ணிடாதீங்க, ஹெட்ஃபோன் போடுங்க. நிமிஷத்துக்கு 130, 138 பீட்னு கிக் (அந்த டம் டம் ட்ரம் அடி) ஓடிட்டே இருக்கும், பாதில திடீர்னு கிக், பாஸ் (அடில ஓடுற கனமான சத்தம்) ரெண்டும் காணாம போயி மெலடி மட்டும் தனியா நிக்கும், அது தான் ப்ரேக்டவுன். அங்கருந்து மெதுவா லேயர் லேயரா ஏறி, ஸ்னேர் ட்ரம் அடி வேகமாகி, ஒரு நொடி எல்லாம் அடங்கி, திரும்ப கிக் வந்து விழும்போது முதுகுல சிலிர்க்கும். ஆர்மின் எங்க கெட்டின்னா, ஒரு ட்ராக் முடிஞ்சு கிக்கும் பாஸும் மட்டும் மிச்சம் இருக்குற எடத்துல அடுத்த ட்ராக்க அடில மெல்ல நுழைப்பார், ரெண்டும் ஒரே ஸ்ருதில ஒக்காந்திருக்கும், எங்க மாறுச்சுன்னே தெரியாது.

கொறையும் இருக்கு. பழைய எபிசோட்ல ஒரு ட்ராக்குக்கு ஆறு ஏழு நிமிஷம் குடுப்பாங்க, மொத மணி நேரம் நிதானமா போயி ரெண்டாவதுல வேகம் ஏறும், அந்த பொறும இப்போ கொறஞ்சு போச்சு. ட்ராக்கே இப்போ சின்னதா தான் வருது, ஸ்ட்ரீமிங் காலத்துல எல்லாரும் அப்படித் தான் பண்றாங்க, இருந்தாலும் ப்ரேக்டவுன் வளர்றதுக்கு நேரம் குடுக்கலன்னா ட்ரான்ஸ்ல அப்புறம் என்ன இருக்கு? நடுவுல பேச்சும் எனக்கு கொஞ்சம் அதிகமா தான் படுது, வேல பாத்துட்டே கேக்குறவங்களுக்கு அது பெருசா தெரியாது.

2013 ஏப்ரல் 30 ஆம்ஸ்டர்டாம் வீடியோ ஒண்ணு இருக்கும், தேடிப் பாருங்க. நெதர்லாந்தோட புது ராஜா பதவியேத்த அன்னைக்கு அந்த ஊரு கான்செர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ராவோட (க்ளாசிக்கல் இசைக்குழு) சேந்து ஆர்மின் வாசிச்சிட்டு இருக்கார், ராஜா குடும்பம் படகுல வந்து எறங்கி மேடைக்கே வந்துட்டாங்க. க்ளப் மியூசிக்க வேற மாதிரி பாத்த காலம் போயி ஒரு நாடே தன்னோட இசைன்னு அத முன்னாடி வச்சத பாக்க எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

புதுசா ஷோ கேக்க ஆரம்பிக்கிறவங்க வருஷ கடைசில வர்ற இயர் மிக்ஸ்ல ஆரம்பிக்காதீங்க, ஒரு வருஷத்து ட்ராக்ஸ் எல்லாத்தயும் அடக்கப் பாக்குறதால ஒண்ணும் மனசுல நிக்காது, அது ஏற்கனவே கேட்டவங்களுக்கு. 200லருந்து 400க்குள்ள (2005 - 2009) எதாவது ஒரு எபிசோட எடுங்க, ட்ராக்லிஸ்ட்ட பக்கத்துல வச்சுக்குங்க, ரெண்டாவது மணி நேரம் வரைக்கும் தள்ளாம கேளுங்க. புடிச்சிருந்தா இந்த வார எபிசோடுக்கு வாங்க. காசு ஒண்ணும் கேக்க மாட்டாங்க, யூட்யூப்லயே இருக்கு. என் மார்க் அஞ்சுக்கு நாலு, பழைய எபிசோடுக்கு மட்டும்னா அஞ்சு.