கைக்குழந்தைக்குச் சீலியாக் நோய் வருமா: மரபணுவைப் பார்ப்பதா, பிறபொருளெதிரியைப் பார்ப்பதா?

லண்டனில் இருந்தபோது சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் நோய்) கண்டறியப்பட்ட தாய் ஒருவர், பிரசவத்துக்காக மட்டக்களப்பின் கல்லடியிலுள்ள தாய்வீட்டுக்கு வந்தவர், மூன்று மாத மகனுக்கு இப்போதே மரபணுப் பரிசோதனை செய்துவிடலாமா என்று கேட்டார். மற்றைய வழி, பிள்ளை கோதுமை உண்ணத் தொடங்கிய பின், இரண்டு மூன்று வயதளவில், குருதியில் பிறபொருளெதிரியை, அதாவது இந்நோயின்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை, பார்ப்பது.

மரபணுப் பரிசோதனையின் பலம் 'இல்லை' என்னும் விடையில் இருக்கிறது. இந்நோயோடு தொடர்புடைய டி.கியூ.2, டி.கியூ.8 என்னும் மரபணு வகைகள் இரண்டும் இல்லாத பிள்ளைக்கு இது வருவது மிக அரிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒருமுறை தடவி எடுத்தால் போதும், விடை ஆயுளுக்கும் மாறாது. 'உண்டு' என்னும் விடையோ அதிகம் சொல்வதில்லை. ஐரோப்பியரில் 100க்கு 30 முதல் 40 பேர் இவற்றைச் சுமந்தாலும், நோய் வருவது ஏறத்தாழ ஒருவருக்குத்தான். தாய்க்கே நோய் இருப்பதால் இந்தப் பிள்ளைக்கும் 'உண்டு' என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம். வந்தபின் செய்யக்கூடிய தடுப்பும் இல்லை: குளூட்டனை முன்கூட்டியே சிறிது சிறிதாக ஊட்டுவதோ, ஒரு வயது வரை தள்ளிப்போடுவதோ நோயைத் தடுக்கவில்லை என்பதை 2014இல் வெளியான இரண்டு ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின.

பிறபொருளெதிரிப் பரிசோதனை நோயையே தேடுகிறது. ஆனால் அதற்குப் பிள்ளை கோதுமை உண்டிருக்க வேண்டும். நாங்கள் சோற்றுக்காரர் என்பது பாதி உண்மைதான். பாண் ஒருபுறமிருக்க, இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மாவைச் சேர்க்கும் வீடுகள் இங்கு ஏராளம். அந்த வீட்டு அம்மம்மா, மகளுக்கென அரிசிமா இடியப்பத்தைத் தனித்தட்டில் பிழிந்தபடி, "பேரனுக்கும் இதையே குடுப்பம், கோதும மா வேணாம்" என்றார். அன்பான யோசனைதான், ஆனால் கோதுமையே உண்ணாத பிள்ளையிடம் பரிசோதனை எதையும் காட்டாது. இப்பரிசோதனை தேடுவது ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரி வகையை; அது இயல்பாகவே குறைந்த பிள்ளைகளும் தவறிப்போகலாம் என்பதால், மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை 'இல்லை' என்று வந்தாலும் பின்னர் மீண்டும் பார்க்க நேரும் என்பது இவ்வழியின் குறை.

குடும்பத்தில் எவருக்கும் நோயில்லாத பிள்ளைகளுக்கு மரபணுவைப் பார்ப்பது வீண்செலவு என்பதே என் கருத்து. இந்தத் தாய்க்கோ, குருதி எடுக்க மீண்டும் மீண்டும் ஊசி குத்துவதைத் தவிர்க்கும் சிறு வாய்ப்புக்காகப் பணம் செலவிட மனமிருந்தால் அதில் நியாயம் உண்டு. ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் பிறபொருளெதிரியே. இடையில் வயிற்றோட்டம் நீடித்தாலோ, வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு சரிந்தாலோ, பூச்சி என்று மருந்து கொடுத்துவிட்டு இரண்டு வயது வரை காத்திராமல், தாயின் நோயை வைத்தியரிடம் சொல்லி அப்போதே பார்க்க வேண்டும்.