சுங்கை சிப்புட் (மலேசியா) ஜெர்சி கடை: துணி ஓகே, எண்கள் சுமார்

தோட்டத்துப் பையன்களின் கூடைப்பந்து ஜெர்சியை பஜார் பக்கம் இருக்கும் கடையில்தான் அடித்தோம். பையன்கள் எல்லாம் அமெரிக்காவின் லேக்கர்ஸ் டீம் மாதிரி வேண்டும் என்று குதிக்க, கோச் அண்ணன் மட்டும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் ராட்னிச்கி கூடைப்பந்து கிளப்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கேட்டால் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்: பார்ட்டிசான், ரெட் ஸ்டார் என்ற பெரிய கிளப்புகள் இருக்கிற அதே ஊரில், 1973இல் ஸ்லோபோதான் இவ்கோவிச் பயிற்சியில் யுகோஸ்லாவியா சாம்பியன், 1976இல் தேசியக் கோப்பை, 1977இல் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப் இறுதியில் இத்தாலியின் காண்டு கிளப்பிடம் ஒரே புள்ளியில் தோல்வி. 1990இல் யுகோஸ்லாவியாவுக்கு உலகக் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர் துஷான் இவ்கோவிச், ஸ்லோபோதானின் தம்பி, ஆடி வளர்ந்ததும் இந்தக் கிளப்பில்தான். அப்புறம் கிளப் கீழ் டிவிஷன்களுக்குச் சரிந்தது. நம் ஊர் டீமுக்கு இது சரியான தேர்வுதான், என்ன சொல்கிறீர்கள்?

சரி, கடை. துணி லேசு, மத்தியான வெயிலிலும் உடம்பில் ஒட்டவில்லை. சின்னத்தைப் போனில் காட்டியதும் தவுக்கே (கடை முதலாளி) அப்படியே வரைந்துவிட்டார், கெட்டிக்காரர். ஆனால் சில தடவை துவைத்ததுமே முதுகு எண்கள் வெடிக்கின்றன, சொன்ன தேதிக்கும் தரவில்லை. எண்ணைத் துணியோடு சேர்த்து அச்சடிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும்.